கர்னல் ஹெட்டர் தேடி அலைந்தவனுக்கு வழிகாட்டியவர்களுக்கு நன்றி

நண்பர்களுக்கு வணக்கம்.

என் யூஎஸ்பி வைஃபை அடாப்டர் டெபியன் லினக்ஸில் ஓடுகிறது. நேற்று கர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) அப்டேட் வந்தபிறகும் ஓடுகிறது என்பதால்தான் இந்த மடலைத் துணிந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். சரி, செய்ததைச் சொல்லியாவது நன்றி சொல்கிறேன்.

முதலில் அண்ணனுக்கு. அடாப்டரைத் தயாரித்தவர்கள், அதைக் கர்னலோடு பேசவைக்கும் டிரைவரின் மூலநிரலைக் கொடுத்து, நீங்களே கம்பைல் செய்துகொள்ளுங்கள் என்று கைகழுவிவிட்டார்கள். அதற்குக் கர்னல் மூலநிரல் வேண்டும் என்றதும், நூறு எம்பியைத் தாண்டும் முழுத் தொகுப்பையும் இறக்கச் சொன்னவர்கள்தான் அதிகம். அண்ணன் ஒருவர் மட்டும், "இப்போது ஓடுகிற கர்னல் எது? 'யுனேம் -ஆர்' கட்டளை என்ன காட்டுகிறது?" என்று கேட்டார். வெளியிலிருந்து ஒரு டிரைவரைக் கட்ட முழுக் கர்னலும் தேவையில்லை. ஓடுகிற கர்னலின் ஹெட்டர் கோப்புகளும் (கர்னலின் செயல்கூறுகளை எப்படி அழைப்பது என்று அறிவிப்பவை), அதன் கான்ஃபிக்கும் (அமைப்புக் கோப்பு), சிம்பல்கள் எனப்படும் அந்தச் செயல்கூறுகளின் பட்டியலான மாட்யூல்.சிம்வெர்ஸ் கோப்பும் இருந்தால் போதும். டெபியனில் இவை லினக்ஸ்-ஹெட்டர்ஸ் பேக்கேஜிலேயே வந்துவிடும். கட்டிய டிரைவரை, அதாவது மாட்யூலை, ஏற்றும்போது, அது தனக்காகக் கட்டப்பட்டதுதானா என்று கர்னல் அதன் வெர்மேஜிக் வரியையும் (எந்தக் கர்னலுக்குக் கட்டியது என்ற குறிப்பு) சிம்பல்களின் பதிப்பையும் ஒத்துப் பார்க்கும். எங்கிருந்தோ இறக்கிய மூலநிரலில் கட்டினால் கம்பைல் ஆகும், ஆனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். இதையெல்லாம் அண்ணன் பொறுமையாக விளக்கினார். கட்டளையை மட்டும் எறிந்துவிட்டுப் போயிருக்கலாம், போகவில்லை.

அடுத்து அக்காவுக்கு. இவருக்குச் சொல்லும் நன்றி கொஞ்சம் நீளும். ஹெட்டர் கிடைத்த பிறகும், கம்பைல் செய்யும் 'மேக்' கட்டளையைக் கொடுத்தால் திரை முழுக்கப் பிழைகள். அந்த டிரைவர் பழைய கர்னலுக்கு எழுதியது. ஆக்சஸ்_ஓகே என்னும் கர்னல் மேக்ரோவுக்கு (பெயர் சொல்லி அழைக்கும் நிரல்துண்டு) மூன்று மதிப்புகளை அனுப்பியிருந்தது. 2019இல் வந்த கர்னல் 5.0 பதிப்பு முதல் அதற்கு இரண்டுதான். டைமரை அமைக்கும் இனிட்_டைமர் என்பதோ 4.15இலேயே போய்விட்டது, இப்போது டைமர்_செட்டப். அக்கா எல்லாவற்றையும் தானே திருத்தி அனுப்பாமல், என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, கர்னல் பதிப்பைப் பார்த்துப் பழைய வரியையோ புதிய வரியையோ எடுத்துக்கொள்ளும்படி நிபந்தனை போடக் கற்றுக்கொடுத்தார். பழைய கர்னல் வைத்திருப்பவருக்கும் அதே கோப்பு உதவும் என்பது அவர் கணக்கு.

கர்னல்காரர்கள் ஏன் இப்படி மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்று நான் சலித்துக்கொண்டபோது, கர்னல் பராமரிப்பாளர்களில் ஒருவரான கிரெக் க்ரோ-ஹார்ட்மேன் எழுதிய, கர்னல் மூலநிரலோடு சேர்ந்தே வரும் ஒரு ஆவணத்தைப் படிக்கச் சொன்னார் அக்கா. டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருந்தால், உள்ளே ஒன்றை மாற்றுபவரே அந்த டிரைவரையும் சேர்த்துத் திருத்திவிடுவார் என்பதுதான் அதன் சாரம். நியாயம்தான். டிரைவரை வெளியே விட்டுப்போன தயாரிப்பாளர் மீதுதான் இப்போது என் கோபமெல்லாம்.

டிகேஎம்எஸ் அமைத்துத் தந்த தம்பிக்கு நன்றி. 2003இல் டெல் நிறுவனப் பொறியாளர்கள் எழுதிய கருவி இது; கர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரைத் தானே மறுபடி கட்டிவிடும். அதற்கு நாலைந்து வரியில் ஒரு கான்ஃப் (அமைப்பு) கோப்பு போதும். ஆனால் புதிய கர்னலுக்கான ஹெட்டரும் கூடவே வந்தால்தான் இது நடக்கும் என்று சொல்லி, அந்த ஹெட்டரைத் தானே இழுத்துவரும் லினக்ஸ்-ஹெட்டர்ஸ்-ஏஎம்டி64 மெட்டா பேக்கேஜையும் அவன்தான் போடவைத்தான். நேற்றைய அப்டேட்டில் காப்பாற்றியது அதுதான்.

கணினியில் நம்பகமான நிரல் மட்டுமே ஓடவிடும் செக்யூர் பூட் காவல், கையொப்பமில்லாத மாட்யூலைத் தள்ளிவிட்டபோது தொலைபேசியில் கூடவே இருந்தவருக்கும் நன்றி. மறுதொடக்கத்தில் வரும் நீலத்திரை சில நொடிதான் நிற்கும், உடனே ஒரு விசையைத் தட்டு என்று அவர் முன்கூட்டியே எச்சரிக்காவிட்டால், மாட்யூலில் கையொப்பமிட்ட சாவியைப் பதிவு செய்யவே முடிந்திருக்காது.

அப்புறம், முகம் தெரியாத டெபியன் பேக்கேஜ் பராமரிப்பாளர்களுக்கு. ஒவ்வொரு கர்னலுக்கும் பொருத்தமான ஹெட்டரைச் சரியாகக் கட்டி வைப்பது யாரும் கைதட்டாத வேலை. 1992இல் லினக்ஸை ஜிபிஎல் உரிமத்துக்குக் கொண்டுவந்த லினஸ் டோர்வால்ட்ஸுக்கும் ஒரு வணக்கம்; மூலநிரல் நம் கைக்கு வருவதற்கு அந்த உரிமம்தானே உத்தரவாதம்.

திருத்திய டிரைவர் நிரலும் கான்ஃப் கோப்பும் என்னிடம் இருக்கின்றன. இதே அடாப்டரோடு மல்லுக்கட்டுபவர்கள் கேளுங்கள், அனுப்பிவைக்கிறேன். கேட்கும்போது 'யுனேம் -ஆர்' காட்டுவதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.