சாமையை அரிசியாக வாங்காதீர்கள்: வேலூர் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

காலை உணவுத் திட்டத்துக்காக 2022இல் வந்த அரசாணையிலேயே, வாரத்தில் குறைந்தது 2 நாளாவது அந்தந்தப் பகுதியில் விளையும் சிறுதானியத்தில் சிற்றுண்டி தர வேண்டும் என்று இருக்கிறது. நம் மாவட்டத்தில் அந்தத் தானியம் எங்கே என்று தேட வேண்டியதில்லை. அணைக்கட்டு ஒன்றியத்தில் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை என்று மூன்று ஊராட்சிகள் ஜவ்வாது மலைமேல் இருக்கின்றன. அங்கே மானாவாரியில் சாமை விளைகிறது. விளைகிற சாமைக்கும் பள்ளி அடுப்புக்கும் நடுவில் அறுந்து கிடப்பது ஒரே ஒரு கண்ணி: உமி நீக்குவது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் கணக்கு. பிள்ளைக்கு 50 கிராம் என்றால் 10,000 பிள்ளைகளுக்கு ஒரு வேளைக்கு 500 கிலோ. வாரம் 2 நாள் வீதம் ஆண்டுக்கு 80 வேளை. மொத்தம் 40 டன் சாமை அரிசி. 100 கிலோ சாமையை உரித்தால் 60 கிலோ அரிசி தேறும் என்று வைத்தால் சுமார் 67 டன் சாமை வேண்டும். ஏக்கருக்கு 350 கிலோ என்று அடக்கமாகப் போட்டாலும் 200 ஏக்கருக்குள் முடிந்துவிடும்.

தவறு நடப்பது கொள்முதலில். ஒப்பந்தப்புள்ளியில் சாமையை உமி நீக்கிய அரிசியாகக் கேட்கிறார்கள். 'வெண்மையாக இருக்க வேண்டும்' என்று வேறு எழுதிவிட்டால், ஆலைக்காரர் தவிடு முழுதும் போகத் தீட்டித்தான் தருவார். நார்ச்சத்து அந்தத் தவிட்டோடு போய்விடும். தீட்டாமல் தந்தால் வேறு சிக்கல்: தவிட்டில் எண்ணெய் இருப்பதால், உமி நீங்கிய சாமை ஓரிரு மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும். ஆறு மாதத்துக்கு மொத்தமாக வாங்கி அடுக்கினால் கடைசி மூட்டைகளைப் பிள்ளைகள் தொடமாட்டார்கள். உமியோடு இருக்கும் சாமை ஓராண்டுக்கு மேலும் கெடாது. எனவே உமியோடு வாங்கிக் கிடங்கில் வையுங்கள்; அந்தந்த மாதத்துக்கு வேண்டியதை மட்டும் உரியுங்கள்.

உரிக்கும் இடத்துக்கு மலையடிவாரத்தில் ஒடுகத்தூர் பொருத்தம். மகளிர் குழு நடத்தட்டும். மணிக்கு 200 கிலோ உரிக்கும் இயந்திரம் போதும். மாதம் 6 அல்லது 7 டன் சாமையை, நாளுக்கு 6 மணி நேரம் ஓட்டினால் ஒரு வாரத்துக்குள் உரித்துவிடலாம். மீதி நாளில் ஊர்க்காரர்களின் தினையையும் வரகையும் கூலிக்கு உரிக்கலாம். ஆனால் உரிக்கும் இயந்திரத்தை மட்டும் வாங்கி வைத்துவிட்டுத் திறப்பு விழா நடத்தினால் அது மூன்றே மாதத்தில் தூசி படிந்து நிற்கும். கல் நீக்கும் இயந்திரம், அளவு பிரிக்கும் சல்லடை, உமியை ஊதித் தள்ளும் காற்றாடி, மும்முனை மின்சாரம், ஈரப்பத மானி ஆகியவையும் கூடவே வர வேண்டும்.

சல்லடையைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். சாமை மணிகள் ஒரே அளவில் இருப்பதில்லை. பிரிக்காமல் கொட்டினால் பெரிய மணி உரியும், பொடி மணி உமியோடு அப்படியே வெளியே வரும். அதையும் உரிக்க வேகத்தைக் கூட்டினால் பெரிய மணி நொய்யாகும். இரண்டு மூன்று அளவாகப் பிரித்துத் தனித்தனியே ஓட்டி, உரியாததைச் சலித்தெடுத்து மறுபடி போட வேண்டும். ஈரம் 10 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்கட்டும். கூடினால் உமி விடாது, ரொம்பக் காய்ந்தால் மணி உடையும். நொய் விழுந்தாலும் கவலையில்லை, கூழுக்கு ஆகும்.

கல் வேறு ரகத் தலைவலி. கதிரை மண் களத்திலோ ரோட்டிலோ அடித்தால் சாமை அளவிலேயே பொடிக்கல் கலந்துவிடும்; சல்லடைக்கு அது சிக்காது, எடையைக் கொண்டுதான் பிரிக்க முடியும். அறுவடைக்கு முன்பே தார்ப்பாய் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பள்ளியில் சோதிப்பது எளிது: 100 கிராமைத் தண்ணீரில் போட்டுக் கிளறினால் உமி மிதக்கும், கல் அடியில் தங்கும். ஒரு பிள்ளையின் வாயில் ஒரு கல் நறுக்கென்று கடிபட்டால் போதும், மறுநாள் அந்த வகுப்பே தட்டை ஒதுக்கும்.

சமையலர்களுக்கு ஒரு நாள் பயிற்சி தேவை. 100 பிள்ளைகளுக்கு 5 கிலோ சாமை அரிசி. இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றி அரித்து, அரை மணி ஊறவைத்து, உப்புமாவுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர், பொங்கலுக்கு நாலு பங்கு. வடிக்கக் கூடாது. ஆறினால் சாமை இறுகும். ஓரிடத்தில் சமைத்து வண்டியில் அனுப்புவதானால் பொங்கலே நல்லது. உப்புமா போய்ச் சேர்வதற்குள் வறண்டுவிடும்.

சுவரொட்டி அடிக்குமுன் ஒன்று. பழைய அட்டவணையைப் பார்த்துச் சாமையில் 100 கிராமுக்கு 9.3 மில்லிகிராம் இரும்பு என்று எழுதிவிடுகிறார்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையில் அது 1.3தான். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு. அதைச் சாமை தீர்க்கும் என்று சொல்லி ஏமாற்ற வேண்டாம். சாமையில் கிடைப்பது நார்ச்சத்தும் 10 கிராம் புரதமும். சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு: 100 கிராமில் 364 மில்லிகிராம். அதற்கு உமி நீக்கும் தொல்லையும் இல்லை. இரும்புக்கு முருங்கைக் கீரையைச் சாம்பாரில் போட்டு, இறக்கியதும் எலுமிச்சை பிழியச் சொல்லுங்கள்; எலுமிச்சையின் வைட்டமின் சி இருந்தால் கீரையின் இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும்.

கடைசியாக விலை. கேழ்வரகுக்கு 2025-26இல் குவிண்டாலுக்கு 4,886 ரூபாய் ஆதரவு விலை அறிவிக்கப்பட்டது. சாமைக்கென்று ஒன்றிய அரசு தனியாக ஆதரவு விலை அறிவிப்பதில்லை. விதைப்புக்கு முன்பே கைக்கடன் தரும் வியாபாரிக்குத்தான் சாமை போகும், அவர் சொன்ன விலைக்கு. மாவட்ட நிர்வாகம் வைகாசியிலேயே விலையை அறிவித்து, எடை போட்ட 7 நாளுக்குள் வங்கிக் கணக்கில் பணம் போட்டால் நிலைமை மாறும். அறிவிப்பு ஆடிக்குப் பிறகு வந்தால் அந்த ஆண்டுக்குப் பயனில்லை. நிலத்தில் வேறு ஏதாவது முளைத்திருக்கும்.

இப்படிக்கு,
அணைக்கட்டு வட்டாரத்தில் சாமை பயிரிடுவோர், உரிப்போர், சமைப்போர்