ஆண்டறிக்கை: ஹோட்டன் மாவு மில்லுக்குப் போய் வந்தது

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு ஆட்சிக்குழு 6 முறை கூடியது. பொங்கல் விழாவும் தமிழ்ப் பள்ளித் தேர்வுகளும் குறையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுற்றுலாவைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி கேட்கிறேன். நாம் குடியிருக்கும் இங்கிலாந்தின் இந்த கேம்பிரிட்ஜ்ஷயர் பக்கத்திலேயே இப்படி ஓர் இடம் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாமல் இருந்தது எனக்கு மனக்குறை.

முதலில் குறித்த நாளில் கிரேட் ஊஸ் ஆற்றில் வெள்ளம். நடைபாதை முழுக்க தண்ணீர். தள்ளிப்போட்டு வசந்தத்தில் போனோம். ஹன்டிங்டனுக்கும் செயின்ட் ஐவ்ஸுக்கும் நடுவே ஹோட்டன் கிராமத்தில், ஆற்றின் குறுக்கே நிற்கிறது, தண்ணீர்ச் சக்கரத்தால் ஓடும் அந்த மில். அடித்தளம் செங்கல், அதற்கு மேலே எல்லாம் மரம். பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று விளிம்பு படிய அடித்திருக்கிறார்கள், நம் ஊர் ஓட்டுக்கூரையைச் சுவரில் சாத்தியதுபோல. மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்துவிடும். இன்றைய கட்டடம் 18, 19ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. ஆனால் அந்த இடத்தில் மில் இருந்தது கி.பி. 974 முதலே தெரிகிறது. அந்த ஆண்டில் அது ராம்சி என்ற ஊரின் கிறிஸ்தவத் துறவியர் மடத்துக்குத் தானமாகக் கொடுக்கப்பட்டது. நம் ஊரில் ராஜராஜன் பட்டத்துக்கு வருவதற்கும் முந்தைய காலம் அது!

மடத்துக்கு மில் என்றால் நிரந்தர வருமானம். குடியானவர்கள் மடத்து மில்லில்தான் அரைக்க வேண்டும். கூலியாகத் தானியத்தில் ஒரு பங்கு போய்விடும். வீட்டுத் திருகை வைத்திருப்பதே குற்றம். இந்த வழக்கம் எவ்வளவு கசப்பை வளர்த்தது என்பதற்கு செயின்ட் ஆல்பன்ஸ் ஊரே சாட்சி. அங்கே மடாதிபதி ஊராரின் திருகைக் கற்களைப் பிடுங்கி மடத்துக் கூடத்தில் தளமாகப் பதித்துவிட்டார். 1381இல் நடந்த விவசாயிகள் கிளர்ச்சியில் சனங்கள் உள்ளே புகுந்து அந்தக் கற்களைப் பெயர்த்து, துண்டு துண்டாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். இதை நான் பேருந்தில் சொன்னபோது, உளுந்து உடைக்கும் திருகையோடு வளர்ந்த நம் மூத்த உறுப்பினர்கள் சிறிது நேரம் பேசவே இல்லை.

மில்லின் அமைப்பைப் புரிந்துகொள்ள மேலிருந்து கீழே வர வேண்டும். ஐந்து மாடி உயரம். கூரைக்குக் கீழே சின்ன மர அறை ஒன்று வெளியே துருத்தி நிற்கும். மூட்டைகளைச் சங்கிலியில் மேலே இழுப்பது அங்கிருந்துதான். மூட்டை ஒரு தடவை உச்சிக்குப் போய்விட்டால் அதற்குப் பிறகு தூக்கும் வேலையே இல்லை. மேலே கொட்டிய கோதுமை தானாகத் தொட்டிக்கு இறங்கி, தொட்டியிலிருந்து கல்லுக்கு வந்து, மாவாகிக் கீழ்த்தளத்துச் சாக்கில் விழுகிறது. மூட்டையைத் தூக்குவதும் கல்லைச் சுற்றும் அதே தண்ணீர்ச் சக்கரம்தான்.

இந்த ஆற்றுக்குச் சரிவு மிகக் குறைவு. அருவிபோல மேலிருந்து கொட்டிச் சக்கரத்தைச் சுழற்ற வழியில்லை. மதகைத் திறந்தால் தண்ணீர் சக்கரத்தின் கீழ்ப்பகுதியைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறது. மெதுவாகச் சுற்றும் சக்கரத்தின் வேகத்தைப் பல்சக்கரங்கள் படிப்படியாகக் கூட்டிக் கல்லுக்குக் கொண்டுபோகின்றன. இத்தகைய மில்களில் இரும்புச் சக்கரத்துக்கு மரப்பல் வைப்பது வழக்கம். ஏதாவது சிக்கினால் மரப்பல் ஒன்று முறியும், வேறொன்றைச் செருகிக்கொள்ளலாம், சக்கரம் பிழைக்கும்.

நான் அதிக நேரம் நின்றது கல்லுக்குப் பக்கத்தில். கீழ்க்கல் அசையாது, மேல்கல் சுற்றும். நடுவிலிருந்து விளிம்பு வரை வெட்டிய வாய்க்கால்கள் மாவை வெளியே தள்ளுகின்றன. தேய்ந்துபோனால் மேல்கல்லைப் புரட்டிப்போட்டு உளியால் கொத்த வேண்டும். "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று நம் தெருவில் கூவிக்கொண்டு வருவார்களே, அதே தொழில். இங்கேயும் ஊர் ஊராகப் போய்க் கல் கொத்தியவர்கள் இருந்தார்கள். தெறித்த இரும்புத் துகள் புறங்கையில் ஏறிக் கருநீலப் புள்ளிகளாக நின்றுவிடும். வேலை கேட்டு வருகிறவனிடம் "கையைக் காட்டு" என்பார்களாம், அனுபவம் எவ்வளவு என்று பார்க்க.

19ஆம் நூற்றாண்டில் இந்த மில்லைச் செழிக்க வைத்தவர் போட்டோ பிரவுன் (Potto Brown, 1797–1871) என்ற மில்காரர். அவர் காலத்தில் மூன்று சக்கரங்களும் பத்து ஜோடிக் கற்களும் ஓடின. பக்திமான், கணக்குப் புத்தகத்தைக் குடும்பப் பிரார்த்தனைக்கு எடுத்துப்போய், கடன் பாக்கிக்காரர்களைப் பற்றி ஆண்டவனிடம் முறையிடுவார் என்று சொல்வார்கள். பிறகு துறைமுகங்களில், கல்லுக்குப் பதில் இரும்பு உருளைகளால் அரைக்கும் மில்கள் வந்தன. இறக்குமதிக் கோதுமை கப்பலிலிருந்து நேரே அங்கே போய் மலிவான வெள்ளை மாவாகியது. ஆற்று மில்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஹோட்டனில் 1930 வாக்கில் அரைப்பு நின்றது. சக்கரங்களையும் கழற்றிவிட்டு மதகு போட்டார்கள்.

கட்டடம் தப்பியது ஊராரால். அவர்களே அதை விலைக்கு வாங்கி, 1939இல் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டிடம் ஒப்படைத்தார்கள். 1983 வரை இளைஞர் விடுதியாக இருந்தது. 1999இல் வடக்குச் சக்கரத்தைப் புதிதாகச் செய்து பொருத்தியபின் கல் மறுபடியும் ஓடியது. ஏதோ ஒரு அரசன் காப்பாற்றியிருந்தால் எனக்கு இவ்வளவு நெகிழ்ச்சி வந்திருக்காது.

ஒரு குறையையும் பதிவு செய்கிறேன். படிக்கட்டுகள் ஏணிபோலச் செங்குத்தானவை. முழங்கால் வலியுள்ளவர்கள் கீழேயே உட்கார்ந்துவிட்டார்கள். இதை முன்கூட்டியே விசாரித்திருக்க வேண்டும். அது என் தவறு. மேல்தளங்களை இளைஞர் அணி வீடியோ எடுத்திருக்கிறது, இன்று திரையில் காட்டுவோம். மில்லில் வாங்கி வந்த, தவிடு நீக்காத கோதுமை மாவு கடைமாவைவிடத் தண்ணீர் கூடுதலாகக் குடிக்கிறது; பிசைந்து அரை மணி நேரம் ஊறவிட்டால் சப்பாத்தி மிருதுவாக வருகிறது என்று சமையல் குழுவினர் சொல்லச் சொன்னார்கள். மீதி மாவு வாசல் மேசையில் பொட்டலங்களாக இருக்கிறது, வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பேரவையை வேண்டுகிறேன்.

செயலாளர்