செயலாளரின் ஆண்டறிக்கை: ஓவியத்துக்கு முன்னால் சுவர்

தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும் இன்று வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

குறைவெண், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, சேராததால் அரை மணி நேரம் காத்திருந்துதான் இந்தப் பொதுக்கூட்டத்தைத் தொடங்கியிருக்கிறோம். நம் சட்டவிதி அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் இப்படித் தொடங்கும் கூட்டத்தில் விதிகளைத் திருத்த முடியாது. அதனால் நிகழ்ச்சிநிரலில் இருந்த சந்தாத் திருத்தம் இந்த ஆண்டும் நின்றுபோகிறது. வராதவர்களுக்கும் இந்த அறிக்கை போய்ச் சேரும் என்பதால் இதை முதலிலேயே பதிவு செய்கிறேன்.

செயலவை முறைப்படி கூடியது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பினாங்குத் தெருவிலிருந்து புறப்பட்ட அன்று தண்ணீர்ப் பந்தல் வைத்தோம். 2008ல் மலாக்காவோடு சேர்ந்து நம் பினாங்கின் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற நாளான ஜூலை 7ஐ ஒட்டி, பள்ளிப் பிள்ளைகளை குயின் தெரு மகா மாரியம்மன் கோயிலிலிருந்து கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் வரை நடத்திக் கூட்டிப்போனோம். தீபாவளி விருந்து நடந்தது.

இனி நம் சந்தில் ஒரு கடைவீட்டின் பக்கவாட்டுச் சுவரில் செய்த வேலை. இதைப் பற்றிப் பலர் பலவிதமாகப் பேசுவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

2012ல் எர்னெஸ்ட் ஸாகரெவிச் என்ற ஓவியர் ஆர்மேனியன் தெருச் சுவரில் சைக்கிளில் போகும் பிள்ளைகளையும், ஆ குவீ தெருவில் மோட்டார் சைக்கிள் பையனையும் வரைந்தார். அதன் பிறகு படம் எடுக்க வரும் கூட்டம் நம் சந்துகளிலும் நுழைந்தது. கடைகளுக்கு வியாபாரம் வந்தது. அதை நான் குறை சொல்லவே இல்லை. நம் சந்திலும் ஓர் ஓவியம் வேண்டும், செலவில் ஒரு பங்கைச் சங்கம் ஏற்க வேண்டும் என்று செயலவையில் தீர்மானம் வந்தபோது நான் கேட்டது ஒன்றுதான்: எந்தச் சுவரில்?

கைகாட்டிய சுவரில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறியிருந்தது. நம் கடைவீடுகள் செங்கல்லில் கட்டி சுண்ணாம்புக் காரை பூசியவை. தரையின் ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், சுவர் காய்ந்துகொள்ளும். அதன் மேல் சிமெண்டைப் பூசி, பிளாஸ்டிக் சாயத்தையும் அடித்தால் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. ஈரத்தோடு வரும் உப்பு உள்ளேயே படிந்து, முதலில் சாயம் பொரிந்து உரியும், அப்புறம் செங்கல்லே மாவாக உதிரும். இந்தச் சுவருக்கு யாரோ எப்போதோ சிமெண்ட் பூசியிருந்தார்கள். அதன் மேல் எவ்வளவு நல்ல ஓவியம் வரைந்தாலும் தங்காது. ஓவியம் உரிந்தால் இன்னொன்று வரையலாம். சுவர் போனால் வீடே போய்விடும்.

ஆகவே உரிமையாளரின் சம்மதத்தோடும் உரிய அனுமதியோடும் அந்தச் சிமெண்டைக் கொத்தி எடுத்தோம். செங்கல்லைக் காயவிட்டு, ஊறவைத்துப் பழுக்கவிட்ட சுண்ணாம்பையும் மணலையும் குழைத்துப் பூசினோம். சுண்ணாம்புப் பூச்சுக்கு அவசரம் ஆகாது. ஒவ்வொரு கைப் பூச்சும் இறுகிய பிறகுதான் அடுத்த கைப் பூச்சு. வெயில் நேரே படாமல் ஈரச்சாக்கு கட்ட வேண்டும். வேலை இழுக்கிறது, பணம் போகிறது என்று ஓர் உறுப்பினர் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் கோப்பில் இருக்கிறது. ஒரு முழு மழைக்காலம் கடந்துவிட்டது. நாம் பூசிய பகுதியில் உப்புப் பூக்கவில்லை. தொடாமல் விட்ட பின்பக்கத்தில் சாயம் தட்டுத்தட்டாக விழுகிறது. இரண்டையும் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். ஓவியம் இனி வரட்டும், நானே முன்மொழிகிறேன். ஆனால் சுவரின் ஈரத்தை அடைக்காத சாயத்தில்தான் அதை வரைய வேண்டும்.

இந்த வேலையில் என்னோடு நின்றவர்கள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்குவார்கள். அதில் இருவர் நம் உறுப்பினர்கள்கூட இல்லை, சந்தில் வாடகைக்கு இருக்கும் பிள்ளைகள். உறுப்பினர்கள் ஏன் வருவதில்லை என்பது எனக்குத் தெரியும். 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2000 பிறந்ததும் பழைய வீடுகளின் வாடகை அவிழ்த்துவிடப்பட்டது. தலைமுறையாக இங்கே இருந்த குடும்பங்கள் கடலுக்கு அக்கரையில் உள்ள பட்டர்வொர்த்துக்கும் மற்ற இடங்களுக்கும் போயின. தூரம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விருந்துக்கு அந்தத் தூரம் தெரியவில்லையே. பாதிக்கு மேற்பட்டோர் சந்தா பாக்கி வைத்திருக்கிறார்கள், சிலர் பல ஆண்டுகளாக. நினைவூட்டலுக்குப் பதில்கூட வராதது மனத்துக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். சுருக்கமாகச் சொன்னால், கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு, கடன் இல்லை. சுவர் வேலையின் பெரும்பகுதி அதற்கென்று வந்த நன்கொடையில் முடிந்தது. ரசீதுகள் தணிக்கையாளர் பார்வைக்குப் போயிருக்கின்றன. இந்தக் கூட்டத்திலிருந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போக வேண்டும். கையெழுத்திட வேண்டியவர்கள் தயவுசெய்து ஊரில் இருங்கள்.

தலைவர், பொருளாளர், இடம் தந்த கோயில் நிர்வாகம், தேநீர் தந்த கடைக்காரர், சுண்ணாம்பு வேலை சொல்லிக்கொடுத்த முதிய கொத்தனார் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். சந்தின் பின்பக்கச் சுவரையும் செய்யாவிட்டால், செய்து முடித்த பக்கத்துக்கும் அங்கிருந்து ஈரம் வரும். அதைச் செப்டம்பர், அக்டோபர் பெருமழைக்கு முன்னால் முடிக்க வேண்டும். அதற்குச் சுண்ணாம்பை இப்போதே ஊறப்போட வேண்டும். ஞாயிறு காலைகளில் ஆள் வேண்டும். இந்த நிலையிலேயே போனால் என்னால் செயலாளர் பொறுப்பையும் சுவரையும் சேர்த்துச் சுமக்க முடியாது. கடிதப் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ள இளையவர் ஒருவர் துணைச் செயலாளராக வந்தால் நான் சுவரோடு இருந்துகொள்வேன். பெயர் கொடுப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும். பாக்கிச் சந்தாவையும் அதே மேசையில் கட்டலாம், பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார்.

பணிவன்புடன்,
கௌரவச் செயலாளர்