லலிதாவுக்கு: வாட்சைக் கடையில் கொடுத்துவிடாதே

திருச்சி

அன்புள்ள லலிதா,

வாட்ச் கெட்டுப்போகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மணி காட்டுகிறது, நடையை எண்ணுகிறது, சார்ஜ் ஏறுகிறது, புது ஃபோனோடு மட்டும் சேர மாட்டேன் என்கிறது என்றால் வாட்சுக்குள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. நீ குரலில் கேட்டதற்கு நானும் குரலிலேயே பதில் அனுப்பியிருக்கலாம். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டே அதே ஃபோனில் நீ அங்கே இங்கே அழுத்த வேண்டியிருக்கும், பேச்சு பாதியில் நின்றுபோகும். காகிதத்தில் இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகச் செய்யலாம். கையெழுத்து புரியவில்லை என்று மட்டும் சொல்லாதே. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் கால் சீட்டுகளில் என் கிறுக்கலை வருஷக்கணக்காகப் படித்தவள் நீ.

இங்கே இவருக்கும் ஃபோன் மாற்றியபோது இதே கூத்துதான். ஸ்டென்ட் வைத்த பிறகு தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று மகள் வாங்கிக் கொடுத்த வாட்ச். என்னிடம் சொல்லாமல் ஒரு கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார். கடைப் பையன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உள்ள போர்டு போயிருச்சு சார், புதுசு எடுத்துக்கோங்க" என்றானாம். பர்ஸில் பணம் போதாததால் வாட்ச் தப்பித்தது. நான் உட்கார்ந்து பார்த்தபோது காரணம் பீரோவுக்குள் இருந்தது. பழைய படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன என்று பழைய ஃபோனுக்குச் சார்ஜ் போட்டுப் போட்டு அணைக்காமல் உள்ளே வைத்திருந்தார். வாட்ச் அதோடுதான் சேர்ந்திருந்தது.

அது எப்படி என்றால், இந்த மாதிரி வாட்ச் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு ஃபோனோடுதான் சேரும். யாரோடும் சேராமல் இருக்கும்போது, நான் இங்கே இருக்கிறேன் என்று விட்டுவிட்டு ஒரு சின்ன சிக்னலை அனுப்பிக்கொண்டே இருக்கும். 2010இல் வந்த புளூடூத் 4.0இல் குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஒரு புது வகையைச் சேர்த்தார்கள். வாட்சின் பேட்டரி நாள்கணக்கில் தாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். அதில் மொத்தம் 40 சேனல், அவற்றில் 3 இந்த அறிவிப்புக்கு. ஃபோன் தேடும்போது அந்த மூன்றில்தான் காது கொடுக்கும். ஒரு ஃபோன் கிடைத்துவிட்டது என்றால் வாட்ச் அறிவிப்பை நிறுத்திவிடும். நம் எக்ஸ்சேஞ்ச் போர்டிலாவது லைன் என்கேஜ்டாக இருந்தால் பிளக் முனையை வைத்தவுடன் காதில் டிக் என்று ஒரு சத்தம் கேட்கும். வாட்ச் அந்த மரியாதையைக்கூடச் செய்யாது, ஆளே இல்லாத மாதிரி இருந்துவிடும். நீ புது ஃபோனில் எத்தனை தடவை தேடினாலும் பட்டியலில் வராததற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

ஆக, உன் பழைய ஃபோன் எங்கே? பேரன் கையில் என்று நினைக்கிறேன், பின்னணியில் கார் விளையாட்டுச் சத்தம் கேட்டது. அவனிடம் கெஞ்சி வாங்கு. அதில் வாட்சுக்கான ஆப்பைத் திற, வாட்ச் இருக்கும் பக்கத்தில் கடைசியில் அதை நீக்குவதற்கு ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்து. அப்புறம் செட்டிங்ஸில் புளூடூத் பட்டியலுக்குப் போய் அங்கேயும் வாட்சின் பெயரை அழித்துவிடு. புளூடூத்தை அணைத்துவிட்டு ஃபோனை அவனிடமே கொடு, விளையாட்டுக்கு அது தேவையில்லை.

அடுத்து வாட்சையே ரீசெட் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் விடாதே. முதன்முதலில் சேரும்போது ஃபோனும் வாட்சும் தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை உண்டாக்கி இருவரிடமும் ஒரு பிரதி வைத்துக்கொள்கின்றன. மறுநாள் பார்க்கும்போது அந்தச் சாவியை வைத்துத்தான் அடையாளம் தெரிந்துகொள்ளும். ஒருவர் அழித்து இன்னொருவர் பழையதையே வைத்திருந்தால் சேருவது போலப் பாவனை காட்டி உடனே அறுந்துவிடும். உன் புது ஃபோனில் "பேரிங் தோல்வி" என்று ஒரு வரி வந்ததாகச் சொன்னாயே, நீ ஒரு தடவை பாதி வரை சேர்த்துவிட்டிருப்பாய். அதனால் புது ஃபோனின் புளூடூத் பட்டியலிலும் வாட்சின் பெயர் இருந்தால் அழி. மூன்று பக்கமும் துடைத்துவிட்டுத் தொடங்கினால்தான் சரியாக வரும். ரீசெட் செய்தால் வாட்சில் இருக்கும் நடைக்கணக்கு போய்விடும். ஆப்புக்குப் போய்ச் சேர்ந்த பழைய நடைக்கணக்கு, நீ அதே மின்னஞ்சலில் உள்ளே போனால் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். சில வாட்ச்கள் அந்த மின்னஞ்சல் கணக்கோடும் கட்டப்பட்டிருக்கும், பழைய கணக்கிலிருந்து நீக்கினால்தான் வேறொருவரை ஏற்கும். அதனால் புதிதாக ஒரு கணக்கு தொடங்காதே. கடவுச்சொல் பையனிடம் இருக்கும், கேள்.

இப்போது சேர்ப்பது. இதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஃபோனின் புளூடூத் பட்டியலில் போய் வாட்சைத் தொடாதே. ஆப்பைத் திறந்து, அதற்குள்ளிருந்துதான் வாட்சைத் தேடிச் சேர்க்க வேண்டும். பேசும் வசதி உள்ள வாட்சாக இருந்தால் உள்ளே இரண்டு தனித்தனி இணைப்பு: நடை, நாடித்துடிப்பு, செய்தி எல்லாம் அந்தக் குறைந்த மின்சார வழியில் ஆப்போடு, பேச்சு மட்டும் பழைய புளூடூத் வழியில் நேராக ஃபோனோடு. பட்டியலில் ஒரே வாட்ச் இரண்டு பெயரில் வந்தால் பயந்துவிடாதே. நேரே பட்டியலில் தொட்டவர்களுக்குப் பேச்சு வழி மட்டும் சேர்ந்திருக்கும். கால் வருகிறது, வேறு எதுவும் வரவில்லை என்று புலம்புவார்கள். முதலில் ஆப், அது சேர்ந்த பிறகு பேச்சுக்குத் தனியாகக் கேட்டால் சம்மதம் கொடு.

அனுமதிகளுக்கு வருகிறேன். டிஜிட்டல் அரெஸ்ட் மோசடிச் செய்திகளைப் பார்த்துப் பயந்து, ஃபோன் எதைக் கேட்டாலும் வேண்டாம் என்று அழுத்தச் சொல்லி உன் பையன் பழக்கியிருக்கிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் வாட்ச் சேராததில் அதற்கும் பங்கு உண்டு. வாட்சைத் தேட எதற்கு லொகேஷன் என்று நீ கேட்டது நியாயமான கேள்வி. கடைகளில் சின்னச் சின்னப் புளூடூத் கருவிகளை மாட்டிவைத்தால், அவற்றின் சிக்னலைக் கேட்கும் ஆப்புக்கு நீ எந்தக் கடையில் நிற்கிறாய் என்று தெரிந்துவிடும். புளூடூத்தில் தேடுவதே இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதால்தான், 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6இல் தொடங்கி 11 வரை தேடுவதற்கு லொகேஷன் அனுமதியைக் கட்டாயமாக்கினார்கள். 2021இல் வந்த 12இலிருந்து "அருகிலுள்ள சாதனங்கள்" என்று தனியாக ஒரு அனுமதி வந்துவிட்டது. உன் ஃபோன் புதிது, அதனால் இதைக் கட்டாயம் கொடு. லொகேஷனையும் ஆப் பிடிவாதமாகக் கேட்டால், பயன்படுத்தும்போது மட்டும் என்பதைத் தேர்ந்தெடு. முதலில் மறுத்துவிட்டால் அது மறுபடி கேட்காமலேகூட இருந்துவிடும். செட்டிங்ஸில் ஆப்ஸ் என்பதற்குள் போய், அந்த ஆப்பின் அனுமதிகளை நாமே திறந்துவிட வேண்டும்.

தொடர்பு எண்கள் கொடுத்தால் கூப்பிடுகிறவரின் பெயர் வாட்சில் வரும், இல்லையென்றால் எண் மட்டும் வரும். அது உன் இஷ்டம். நான் கறாராக இருப்பது அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதியில்தான். வாட்ஸ்அப் செய்தி கையில் தெரிய வேண்டுமென்றால் அதைக் கொடுத்தாக வேண்டும். ஆனால் கொடுத்துவிட்டால் ஃபோனில் வரும் அறிவிப்புகளையெல்லாம் அந்த ஆப் பார்க்கலாம், பல ஃபோன்களில் பேங்க் ஓடிபி உட்பட. ஆப்புக்குள் வாட்ஸ்அப்பை மட்டும் டிக் செய்திருக்கிறேனே என்று சமாதானப்படாதே, அது கையில் எது தெரிய வேண்டும் என்பதற்கு மட்டும்தான். பெயர் தெரிந்த பெரிய கம்பெனி ஆப் என்றால் நான் கொடுப்பேன். ஊர் பேர் தெரியாத ஆப்புக்குக் கொடுக்க மாட்டேன், மணி பார்க்கவும் நடையை எண்ணவும் அது தேவையே இல்லை. இவர் வாட்சுக்கும் நான் கொடுக்கவில்லை, வாட்ஸ்அப்பை ஃபோனில் பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். முணுமுணுத்தார், இப்போது பழகிவிட்டது.

ஆப்பை எடுக்கும்போதும் ஒரு கவனம். பெட்டியில் இருக்கும் க்யூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்தால் சில சமயம் ப்ளே ஸ்டோருக்குப் போகாமல் வேறெங்கோ போய் ஃபைலை இறக்கும். அது வேண்டாம். கையேட்டில் இருக்கும் பெயரை எழுத்துப் பிசகாமல் ப்ளே ஸ்டோரில் தேடு, ஒரே மாதிரிப் பெயரில் நிறைய இருக்கின்றன. வெளியிலிருந்து இறக்கிய ஆப் என்றால் ஆண்ட்ராய்டு 13இலிருந்து அந்த அறிவிப்பு அனுமதியைச் சாம்பல் நிறத்தில் பூட்டியே வைத்திருக்கும். அந்தப் பூட்டைத் திறக்க யூடியூபில் வழி சொல்கிறார்கள். அது நல்ல காரணத்துக்காகப் போட்ட பூட்டு, திறக்காதே.

சேர்ந்த பிறகு இன்னொரு தொல்லை வரலாம். ஸ்கிரீன் அணைந்து கொஞ்ச நேரத்தில் தொடர்பு போய்விடும், ஆப்பைத் திறந்தால் திரும்ப வரும். பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று ஃபோனே ஆப்பைத் தூங்க வைத்துவிடுவதால் வருவது அது. அந்த ஆப்பின் பேட்டரி பகுதியில் கட்டுப்பாடு இல்லாமல் ஓடவிடு, தானாகத் தொடங்கும் வசதி இருந்தால் அதையும் கொடு. வேலை முடிந்ததும் எல்லா ஆப்பையும் மேலே தள்ளிவிட்டு மூடும் பழக்கம் உனக்கு உண்டு, இதை மட்டும் விட்டுவை. மற்றபடி மொட்டை மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது ஃபோன் கீழே இருந்தால் அறுந்துபோவது இயல்புதான், இறங்கி வந்தால் சேர்ந்துகொள்ளும். நம் உடம்பில் இருக்கும் தண்ணீரே அந்த அலையைக் கொஞ்சம் குடித்துவிடும். தொடர்பு இல்லாதபோதும் வாட்ச் நடையை எண்ணிக்கொண்டுதான் இருக்கும், பிறகு ஆப்புக்கு அனுப்பும்.

வாட்ச் காட்டும் சுகர் அளவை நம்பலாமா என்று கேட்டாயே. அதை நம்பாதே. ஊசி குத்தாமல் தானாகவே சர்க்கரை அளக்கும் எந்த ஸ்மார்ட்வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. வாட்சுக்கு அடியில் இருக்கும் பச்சை விளக்கு ரத்த ஓட்டம் கூடிக் குறைவதைப் பார்த்து நாடியை எண்ணுகிறது, அதுவும் பட்டை தளர்வாக இருந்தால் தப்பும். மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ லேப் ரிப்போர்ட்டை வைத்து மட்டும். இதில் உன்னோடு சண்டைக்கே வருவேன்.

இங்கத்திய செய்தி: புஷ்பா மகளுக்குத் தை மாதம் கல்யாணம், மாப்பிள்ளை வீடு கரூர். பத்திரிகை உனக்கும் வரும். 2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல்.லிலிருந்து வி.ஆர்.எஸ். என்ற விருப்ப ஓய்வில் ஒரே நாளில் வெளியே வந்தோமே, அந்தக் கூட்டத்தில் பாதிப் பேராவது வருவார்கள் என்று சொல்கிறாள். ராஜேஸ்வரிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி இப்போது கம்பு இல்லாமல் நடக்கிறாள். எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்தை இன்னும் மூடவில்லை. இவர் அதைச் சுற்றிக்கொண்டு போவதில் நடை கூடுகிறது என்று சந்தோஷப்படுகிறார்.

கல்யாணத்துக்கு முதல் நாளே வந்து எங்கள் வீட்டில் தங்கு. கோயம்புத்தூரிலிருந்து காலை வண்டியைப் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். அதற்குள் வாட்ச் சேரவில்லையென்றால் இரண்டு ஃபோனையும் எடுத்து வா, நான் பார்க்கிறேன். சேர்ந்துவிட்டால் எனக்கு ஒரு கால் போடு, வாட்சிலிருந்தே.

அன்புடன்,
வசந்தி

பி.கு.: சார்ஜ் சரியாக ஏறவில்லை என்று எப்போதாவது தோன்றினால், வாட்சின் பின்னால் இருக்கும் சின்ன உலோகப் புள்ளிகளை உலர்ந்த துணியால் துடை. வியர்வையும் சோப்பும் படிந்திருக்கும். குண்டூசியால் சுரண்டாதே.