கொக்கியில் மாட்டிய டவல்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் பயணப் பக்கத்தில் சுற்றுச்சூழல் அக்கறையுள்ள பூட்டிக் ஹோட்டல்களை, அதாவது தனி பாணியில் அமைத்த சின்ன ஹோட்டல்களைப் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். மாடியில் வளரும் செடிகள், பழைய மரத்தில் செய்த மேசை எல்லாம் படத்தில் அழகாக இருக்கின்றன. நான் ஹோட்டல் லாண்டரியில் 22 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்தப் படங்களில் வராத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் என் மகள் வேலை விஷயமாக வெளியூர் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். நகரத்தின் கலகலப்பான பகுதியில், பழைய கிடங்கு ஒன்றைச் சீர்செய்து அமைத்த சின்ன ஹோட்டலில் மூன்று இரவு தங்கினோம். உள்ளே நுழைந்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. செங்கல் சுவரைப் பூசாமல் அப்படியே விட்டிருந்தார்கள். இருக்கிற கட்டடத்தை இடிக்காமல் பயன்படுத்தினால் புதிய சிமென்ட்டுக்கும் இரும்புக்கும் ஆகும் கரிப்புகை பெருமளவு மிச்சமாகும். குளியலறையில் குட்டி பிளாஸ்டிக் பாட்டில்கள் இல்லை. மறுபடி நிரப்பிக்கொள்ளும் புட்டிகளைச் சுவரில் பொருத்தியிருந்தார்கள். கலிபோர்னியாவில் 50 அறைக்கு மேல் உள்ள ஹோட்டல்களில் இந்தக் குட்டி பாட்டில்களை 2023 முதல் சட்டமே தடுத்துவிட்டது. அப்புறம், அந்த மூன்று நாளும் நாங்கள் வண்டியே பிடிக்கவில்லை. பூங்கா, அருங்காட்சியகம், ரயில் நிலையம் எல்லாம் நடக்கிற தூரம். இப்படிப்பட்ட பகுதியில் இருப்பதே அந்த ஹோட்டலின் பெரிய பசுமைச் செயல் என்பேன். தெருச் சத்தம் நள்ளிரவு தாண்டியும் அடங்கவில்லை. ஆனால் இரட்டைக் கண்ணாடி ஜன்னலைச் சாத்தியதும் நன்றாகத் தூங்கினோம்.

என் மனம் நொந்தது டவல் விஷயத்தில்.

குளியலறையில் சணல் கயிற்றில் ஓர் அட்டை தொங்கியது. டவலைக் கொக்கியில் மாட்டினால் அதையே மறுபடி பயன்படுத்துகிறோம் என்று அர்த்தம், தரையில் போட்டால் மாற்றச் சொல்கிறோம் என்று அர்த்தம். நாங்கள் நான்கு டவல்களையும் விரித்து மாட்டிவிட்டுப் போனோம். சாயந்திரம் வந்தால், மடிப்புக் கலையாத நான்கு புது டவல்கள். மறுநாள் மாட்டியதோடு நில்லாமல் அந்த அட்டையையும் டவல் மேலேயே தொங்கவிட்டேன். அன்றைக்கும் புது டவல்கள்தான்.

மூன்றாம் நாள் காலையில் மகளை மட்டும் அனுப்பிவிட்டு அறையிலேயே இருந்தேன். ஹவுஸ்கீப்பிங் பெண் வந்தாள். “ஏம்மா, மாட்டி வச்ச டவலை ஏன் எடுத்துட்டுப் போறீங்க?” என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினாள். “மாத்தலைன்னா ரூம் சரியா க்ளீன் பண்ணலைன்னு சொல்லிடுவாங்கம்மா. சூப்பர்வைசர் புது டவல் நாலு இருக்கான்னுதான் பார்ப்பாங்க. அந்த அட்டையில என்ன எழுதியிருக்குன்னு எங்களுக்கு யாரும் சொல்லலை” என்றாள். தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அவள் செய்தது சரிதான். அவள் மீது எனக்குத் துளியும் வருத்தமில்லை.

டவல் ஒன்றுதானே என்று படிப்பவர்கள் நினைக்கக்கூடும். நல்ல தடிமனான குளியல் டவல் அரைக் கிலோவுக்குக் குறையாது. இரண்டு குளியல் டவலோடு இரண்டு கைத்துடைக்கும் டவலையும் சேர்த்தால் எங்கள் அறையிலிருந்து மட்டும் இரண்டு நாளில் இரண்டரைக் கிலோ துணி காரணமே இல்லாமல் லாண்டரிக்குப் போயிருக்கும். நான் வேலை செய்த காலத்துப் பழைய எந்திரங்கள் கிலோவுக்கு 20 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். அந்தத் தண்ணீரையும் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்க வேண்டும். அதற்குப் பிறகு உலர்த்துவது. தடித்த டவல் ஈரத்தை லேசில் விடாது. எங்களிடம் துவைக்கும் எந்திரத்தைவிட உலர்த்தும் எந்திரம்தான் அதிகம் எரித்தது. ஒவ்வொரு சுற்றிலும் அதன் வடிகட்டியில் கை நிறையப் பஞ்சு சேரும். அந்தப் பஞ்சு அத்தனையும் டவல் தேய்ந்து உதிர்ந்ததுதான். ஒருவர் ஒரே தடவை முகம் துடைத்த டவல் அப்படித் தேய்வதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது.

இந்த அட்டைக்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1986-ல் ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கர், ஹோட்டல்களின் டவல் அட்டையை விமர்சித்து எழுதியபோதுதான் ‘கிரீன்வாஷிங்’ (பசுமைப் பூச்சு, அதாவது சூழலுக்கு நல்லது செய்வதாக வெறும் வேடம் போடுவது) என்ற சொல்லே பிறந்தது என்பார்கள். 2008-ல் கோல்ட்ஸ்டீன், சியால்தீனி, கிரிஸ்கெவிசியஸ் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் ஹோட்டல் டவல் அட்டைகளை வைத்துச் செய்த ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ‘சுற்றுச்சூழலைக் காப்போம்’ என்று எழுதிய அட்டைக்கு 37 சதவீதம் பேர்தான் இணங்கினார்கள். ‘இந்த அறையில் தங்கியவர்களில் பெரும்பாலோர் டவலை மறுபடி பயன்படுத்தினார்கள்’ என்று எழுதியதும் அது 49 சதவீதமாக உயர்ந்தது. தங்குகிறவர் மனதை இவ்வளவு நுணுக்கமாகப் படித்திருக்கிறார்கள். டிராலியைத் தள்ளிக்கொண்டு வரும் பெண்ணிடம் யாராவது பேசினார்களா?

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். ஹவுஸ்கீப்பிங் தாளில் ‘மாட்டியிருந்தது, மாற்றவில்லை’ என்று ஒரு கட்டம் போட்டால் போதும். அதில் டிக் இருந்தால் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று சூப்பர்வைசர் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் வேலைக்குச் சேரும்போதே அட்டையில் இருப்பதை அவர்கள் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பசுமை என்ற பெயரில் அறைகளைத் தினமும் சுத்தம் செய்யாமல் விட்டுவிட்டு, பணியாளர்களின் வேலை நேரத்தையும் கூலியையும் குறைக்கிற ஹோட்டல்கள் உண்டு. சில நாடுகளில் தொழிற்சங்கங்கள் இதை எதிர்த்துப் போராடியிருக்கின்றன. டவலில் மிச்சமாகும் பணம் அந்தப் பெண்களின் வயிற்றில் அடித்து வந்ததாக இருக்கக் கூடாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 செப்டம்பர் 27 முதல், ஆதாரம் காட்டாமல் ‘சூழலுக்கு உகந்தது’ என்று பொத்தாம்பொதுவாக விளம்பரம் செய்ய முடியாது. அது ஹோட்டல்களுக்கும் பொருந்தும். நல்ல சட்டம்தான். ஆனால் சட்டம் வரும்வரை காத்திருக்காமல், ஒவ்வொரு மாதமும் ஓர் அறைக்கு எத்தனை கிலோ துணி லாண்டரிக்குப் போனது என்று வரவேற்பறையில் எழுதி வைக்கலாமே. லாண்டரியில் எடை போடாமல் எந்திரத்தில் துணி ஏற்றுவதில்லை. கணக்கு ஏற்கெனவே அங்கே இருக்கிறது.

கிளம்பும்போது மேலாளரிடம் இதையெல்லாம் சொன்னேன். அந்தப் பெண்ணைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

உங்கள் நிருபர் அடுத்து இப்படியொரு ஹோட்டலைப் பற்றி எழுதப் போனால், டவலைக் கொக்கியில் மாட்டிவிட்டு ஒரு நாள் முழுக்க வெளியே சுற்றிவிட்டு வரட்டும். திரும்பி வந்து குளியலறையில் பார்த்ததையும் கட்டுரையில் சேர்த்து எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஹோட்டல் லாண்டரி ஊழியர்