பழைய வண்டியும் இ20 பெட்ரோலும்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கொஞ்ச நாளாகவே பட்டறைக்கு வருகிறவர்களில் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "பங்க்கில் இப்போது போடுகிற, எத்தனால் கலந்த இ20 பெட்ரோலை என் வண்டி தாங்குமா? எஞ்சினை மாற்றி அமைக்கணுமா, இல்லை வண்டியையே கொடுத்துவிடலாமா?" வேலைக்கு நடுவே ஒவ்வொருவரிடமும் துண்டு துண்டாகச் சொல்வதைவிட முழுதாக எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற வண்டியை இ20-க்குப் பயந்து விற்காதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் எஞ்சினைப் பிரிக்கவே வேண்டாம். டேங்கிலிருந்து எஞ்சின் வரை பெட்ரோல் போகிற வழியில் இருக்கும் ரப்பர் சாமான்களை மாற்றி, காற்றும் பெட்ரோலும் சேரும் அளவைச் சரிபார்த்தால் போதும்.

இ20 என்றால் நூறு பங்கு பெட்ரோலில் இருபது பங்கு எத்தனால் என்னும் எரிசாராயம். கரும்புச் சர்க்கரைப் பாகின் கழிவு, மக்காச்சோளம், நொய்யரிசி ஆகியவற்றிலிருந்து எடுப்பது. 2022-ல் நாடு முழுவதும் பத்து விழுக்காடு கலப்பு எட்டப்பட்டது. இருபதுக்கு முதலில் 2030 என்று வைத்திருந்த இலக்கை 2025-26-க்கு முன்னே இழுத்தார்கள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளில் டியூப், சீல் எல்லாம் எத்தனாலைத் தாங்கும்படியே வருகின்றன. அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தைப் பற்றிய பகுதியை மட்டும் படித்தால் போதும்.

சந்தேகப்படுகிறவர்களுக்குப் பட்டறையிலேயே ஒரு சோதனை செய்து காட்டுகிறோம். கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீர், அதன்மேல் 90 மில்லி பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி வைப்போம். எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். சற்று நேரத்தில் அடியில் நிற்கும் அடுக்கு 10-லிருந்து கிட்டத்தட்ட 28-க்கு ஏறியிருக்கும். அந்த அதிகப்படி 18 மில்லிதான் எத்தனால். தயவுசெய்து இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள், பெட்ரோல் ஆவிக்கு அடுப்புப் பொறி ஒன்று போதும்.

மைலேஜ் குறைகிறது என்கிறீர்கள். உண்மைதான். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கென வடிவமைத்து, பத்து விழுக்காட்டுக்கு ட்யூன் செய்த கார்களில் 6 முதல் 7 விழுக்காடும், அதே வகை இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 விழுக்காடும் குறையலாம் என்று மத்திய அரசின் ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. இந்தக் குறைவை எந்த ட்யூனிங்காலும் முழுசாகத் திருப்பித் தர முடியாது. முடியும் என்று சொல்லி யாராவது கிட் விற்றால் வாங்காதீர்கள். ஆனால் மைலேஜ் இதைவிட நிறையக் குறைந்திருந்தால் காரணம் வேறு, வண்டியைக் கொண்டுவாருங்கள்.

எங்களுக்கு அதிகக் கவலை தருபவை 2020-க்கு முந்தைய கார்புரேட்டர் பைக்குகளும் ஸ்கூட்டர்களும்தான். காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது கார்புரேட்டர்; கலவையைப் பார்த்துச் சொல்ல அதற்கு எந்த சென்சாரும் கிடையாது. எத்தனால் கலந்த பெட்ரோல் எரிய இன்னும் கொஞ்சம் அதிக எரிபொருள் வேண்டும் என்பது கார்புரேட்டருக்குத் தெரியாது, பழைய அளவையே கொடுத்துக்கொண்டிருக்கும். விளைவாக எஞ்சின் சூடேறும், ஆக்ஸிலரேட்டரைத் திருகியதும் ஒரு கணம் தயங்கும், பிளக்கைக் கழற்றினால் நுனி காப்பிப்பொடி நிறத்துக்குப் பதில் வெளுத்திருக்கும். பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையான மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக மாற்றினால் சரியாகிவிடும். 100 எண் ஜெட் இருக்கும் வண்டிக்கு 102 அல்லது 105 போடுவோம். இருக்கிற ஜெட்டையே ஊசியால் குடைந்து பெரிசாக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. நாங்கள் அதைச் செய்வதில்லை. துளை ஒரு தடவை கோணலாகிவிட்டால் அப்புறம் எந்த ட்யூனிங்கும் நிற்காது.

ரப்பர் விஷயம் இதைவிட முக்கியம். கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் கிண்ணத்தைத் திறந்தால் ஓரங்களில் வெள்ளையாகப் பூத்திருப்பதை அடிக்கடி பார்க்கிறோம். ஈரம் சேர்ந்து அலுமினியம் அரித்த தடம் அது. கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை அடைக்கும் ஃப்ளோட் ஊசியின் ரப்பர் நுனி உப்பிப்போய்த் தன் இடத்தில் சரியாக உட்காராது, பெட்ரோல் வழியும். பெட்ரோல் டியூபை இரண்டு விரலால் நசுக்கினால் பிசுபிசுத்து விரலில் கறுப்பு ஒட்டும். இவற்றை எத்தனாலைத் தாங்கும் விட்டான் ரப்பரில் மாற்றுகிறோம். பைக்குக்கு டியூப், ஓ-ரிங், ஊசி, ஃபில்டர் எல்லாம் சேர்த்தாலும் ஒரு டயர் விலைக்குள் அடங்கிவிடும். இன்னொன்று: எத்தனால் டேங்கின் உள்சுவரில் வருஷக்கணக்கில் படிந்த பிசினையும் துருவையும் கிளப்பிவிடும். அதனால் மாற்றிய ஃபில்டரைச் சில வாரத்தில் மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டியிருக்கும். அதற்குத் தனியாகப் பணம் வாங்குவதில்லை.

இன்ஜெக்‌ஷன் கார்களுக்கு (கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சுபவை) அவ்வளவு வேலை இல்லை. சைலன்சர் பக்கம் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துச் சொல்ல, கம்ப்யூட்டரே பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். ஸ்கேனரைச் செருகினால் அது எவ்வளவு கூட்டியிருக்கிறது என்பது தெரியும். எல்லைக்கு அருகில் போயிருந்தால் மட்டும் பம்ப், இன்ஜெக்டர், ஃபில்டர் பார்ப்போம்.

இனி மழைக்காலத்தைப் பற்றி. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடற்காற்று வீசும் நம் ஊரில் பாதி டேங்கோடு மாதக்கணக்கில் நிறுத்திய வண்டி, மூடியின் இடுக்கு வழியாகவே ஈரம் குடிக்கும். தண்ணீர் ஓர் அளவைத் தாண்டியதும் மேலே சொன்ன கண்ணாடிக் குழாயில் நடந்ததே டேங்கிலும் நடக்கும். எத்தனாலும் தண்ணீரும் அடியில் தங்கிவிடும், எஞ்சினும் அடியிலிருந்துதான் உறிஞ்சும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த பிறகு ஸ்டார்ட் ஆகாமல் தள்ளிக்கொண்டு வந்த வண்டிகளில் நாங்கள் பார்த்தது இதைத்தான். ஐப்பசி பிறக்கும் முன் டேங்க் மூடியின் வாஷரை மாற்றிவிடுங்கள். அதிகம் எடுக்காத வண்டி என்றால் டேங்கை நிரப்பி வையுங்கள், காற்றுக்கு இடம் குறையும். வெள்ளத்தில் நின்ற வண்டியைச் சாவி போட்டுப் பார்க்கவே வேண்டாம்.

எண்பத்தைந்து விழுக்காடு எத்தனாலில் ஓட வைப்பதாகச் சொல்லி இன்ஜெக்டர் ஒயரில் மாட்டும் சின்னப் பெட்டிகள் இணையத்தில் விற்கின்றன. கேட்டு வருகிறவர்களிடம் மறுத்துவிடுகிறோம். அந்த அளவு எத்தனாலுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் எரிபொருள் வேண்டும், பல வண்டிகளின் பம்ப்பும் இன்ஜெக்டரும் அதற்குப் பற்றாது. ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றில்) இல்லாத மாற்றம் என்பதால் விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல். பிரேசிலில் 2003 முதல் ஓடும், பெட்ரோல் எத்தனால் இரண்டிலும் ஓடக்கூடிய ஃப்ளெக்ஸ் கார்கள் தொழிற்சாலையிலேயே அதற்கென வடிவமைத்தவை. கடையில் ஸ்பிரிட் வாங்கி நீங்களே டேங்கில் கலப்பதும் வேண்டாம். அதில் ஐந்து விழுக்காடு அளவுக்குத் தண்ணீர் இருக்கும்.

தினமும் நிறைய ஓட்டுகிறவர்கள், குறிப்பாக வாடகைக்கார் வைத்திருப்பவர்கள், சி.என்.ஜி. (அழுத்தி அடைத்த இயற்கை வாயு) பற்றி யோசிக்கலாம். 2022 ஆகஸ்ட் முதல் பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தில் வந்த பெட்ரோல் கார்களிலும் கிட் பொருத்த அனுமதி இருக்கிறது. உங்கள் மாடலுக்கு அங்கீகாரம் பெற்ற கிட்டாக இருக்க வேண்டும், ஆர்.டி.ஓ.வில் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், இன்சூரன்ஸ்காரர்களிடமும் எழுதித் தர வேண்டும். 60 லிட்டர் சிலிண்டரில் 9, 10 கிலோ வாயு பிடிக்கும். டிக்கியில் பெட்டி வைக்க இடம் போய்விடும், பிக்கப்பும் கொஞ்சம் குறையும். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை சிலிண்டர் பரிசோதனை கட்டாயம். வாயுவில் ஓடினாலும் வண்டி பெட்ரோலில்தான் ஸ்டார்ட் ஆகும், ஆகவே டேங்கில் உள்ள இ20-ஐ மாதக்கணக்கில் தேங்க விடாமல் வாரத்தில் ஒரு நாளாவது பெட்ரோலில் ஓட்டுங்கள். எல்.பி.ஜி. ஆட்டோ ஓட்டும் அண்ணன்களுக்கு ஒரு வார்த்தை: அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். வாசனை வந்தால் அடித்தளப் பார்க்கிங்கில் நிறுத்தாதீர்கள். வீட்டு சிலிண்டரிலிருந்து நிரப்பிக்கொண்டு வரும் வண்டியை நாங்கள் தொட மாட்டோம்.

மழைக்கு முன் பரிசோதனைக்கு வருகிறவர்கள் முதல் நாளே போன் செய்துவிட்டு வாருங்கள், உங்கள் மாடலுக்கான டியூபும் ஜெட்டும் எடுத்து வைத்திருப்போம். டேங்கில் கால்வாசிக்கு மேல் பெட்ரோல் வேண்டாம், இறக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். மாற்றிய பழைய சாமான்களை உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவோம்.

இப்படிக்கு,
உங்கள் பட்டறையினர்
சென்னை