பழைய ஸ்டீரியோ இருக்கட்டும்

ஏற்காடு,
கார்த்திகை 5.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மழை இன்னும் விட்டபாடில்லை. காலை பத்து மணி வரை எதிர்வீட்டுச் சில்வர் ஓக் மரங்கள்கூடக் கண்ணுக்குத் தெரிவதில்லை. போன வாரம் பேசும்போது, கூடத்தில் இருக்கும் பழைய ஸ்டீரியோவை யாருக்காவது கொடுத்துவிட்டுப் புது ஸ்பீக்கர் ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னாய், பணம் அனுப்புவதாகவும் சொன்னாய். வேலை பாதியில் இருந்ததால் அன்று நான் பதில் பேசவில்லை. இப்போது வேலை முடிந்துவிட்டது. நீ விட்டுச் சென்ற ஆப்பிள் மடிக்கணினி மாடி அறையில் இருக்க, அதிலுள்ள பாட்டு கீழே கூடத்தில் பழைய ஆம்ப்ளிஃபையர் வழியாக, இடையில் ஒயர் எதுவும் இல்லாமல் பாடிக்கொண்டிருக்கிறது.

முதலில் ஒயரைத்தான் நம்பினேன். சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் பதினைந்து மீட்டர் வாங்கி வந்து, மாடிப்படி ஓரமாக இழுத்து மாட்டினேன். பாட்டு வந்தது, அதன் அடியில் வண்டு முரலுவதுபோல் ஓர் இரைச்சலும் வந்தது. மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கினால் இரைச்சல் நின்றுவிடும், செருகினால் திரும்பிவிடும். கணினிக்கு மாடியில் ஓர் எர்த், ஆம்ப்ளிஃபையருக்குக் கீழே ஓர் எர்த் என்று இருக்க, இரண்டையும் இந்த ஒயர் இணைத்துவிட்டதால், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு பாட்டுக்குள் புகுந்துகொண்டது என்பது இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகே விளங்கியது.

அடுத்து, நீ தீபாவளிக்கு அனுப்பிய புளூடூத் துண்டு, ஒயரில்லாமல் பாட்டை வாங்கி ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுப்பது. அதைக் குறை சொல்கிறேன் என்று எண்ணாதே. ஒரே அறைக்குள் அது அருமையாக வேலை செய்கிறது. ஆனால் அந்த வகைக் கருவிகளின் எட்டும் தூரம் தடையில்லாத இடத்தில் ஏறத்தாழ 10 மீட்டர்தான். நம் வீட்டுக் கருங்கல் சுவரோ ஒன்றரை அடி கனம். மாடியிலிருந்து அனுப்பினால் பாட்டு விக்கி விக்கி வந்தது. அம்மா பனிமூட்டத்தின்மேல் பழியைப் போட்டாள். பனிக்கு இதில் பங்கில்லை, சுவருக்கும் அவளுடைய மைக்ரோவேவ் அடுப்புக்கும்தான் பங்கு. அடுப்பும் புளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையே பயன்படுத்துவதால், அவள் பாலைச் சூடாக்கும்போதெல்லாம் பாடகருக்குத் தொண்டை கட்டியது. இன்னொன்றும் உண்டு. சிடியில் ஒரு நொடி இசைக்கு 14 லட்சம் பிட்டுகளுக்கு மேல் செலவாகின்றன. புளூடூத்தின் அடிப்படை முறையான எஸ்பிசி அதை ஏறத்தாழ மூன்று லட்சத்து முப்பதாயிரத்துக்குச் சுருக்கித்தான் அனுப்புகிறது. வித்தியாசம் உன் காதுக்குத் தெரியாது என்பாய். வீணையின் மீட்டு ஓய்ந்து அடங்கும் இடத்தில் என் காதுக்குத் தெரிந்தது.

ஆகவே வைஃபை வழியைப் பிடித்தேன். பக்கத்து வீட்டில் பொறியியல் படிக்கும் பையன் ஒருவன், உள்ளங்கை அளவேயான ராஸ்பெர்ரி பை கணினியில் ஷேர்போர்ட் சிங்க் என்னும் இலவச மென்பொருளை ஏற்றிக் கொடுத்தான். ஆப்பிள் கருவி வைஃபையில் அனுப்பும் பாட்டை வாங்கி ஒலிக்கச் செய்வது அதன் வேலை. உன் மடிக்கணினியின் ஒலிப் பட்டியலில் அது ஓர் ஸ்பீக்கரைப்போலப் பெயருடன் தெரிகிறது, அழுத்தினால் போதும். ஆப்பிள் இந்த ஏற்பாட்டை 2004ஆம் ஆண்டிலேயே ஏர்டியூன்ஸ் என்று கொண்டுவந்து, 2010இல் ஏர்பிளே என்று பெயர் மாற்றியதாம். எனக்குத்தான் இது புதிது. இதில் பாட்டு சிடியின் தரம் குறையாமல் வந்து சேருகிறது, ஆம்ப்ளிஃபையருக்கும் மடிக்கணினிக்கும் இடையே ஒயர் இல்லாததால் அந்த வண்டும் பறந்துவிட்டது.

அந்தக் குட்டிக் கணினியின் ஒயரை ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கம் மாட்டுவதில் ஒரு தவறு செய்தேன். காலியாக இருந்தது என்று போனோ என்று எழுதிய துளையில் சிவப்பு, வெள்ளை பின்களைச் செருகிவிட்டேன். சத்தம் கரகரவென்று கிழிந்து வந்தது. இசைத்தட்டு ஊசியிலிருந்து வரும் மில்லிவோல்ட் அளவுச் சமிக்ஞையைப் பெருக்குவதற்கென்றே உள்ள துளை அது. மற்றக் கருவிகளுக்கான ஆக்ஸ் துளைக்கு மாற்றியதும் சரியாயிற்று. நல்லவேளை, ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பாட்டை அழுத்தினால் ஏறத்தாழ இரண்டு நொடி கழித்துத்தான் ஒலிக்கும். முதல் நாள் பழுது என்றே நினைத்தேன். நகராட்சித் தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும் மாடித் தொட்டி நிறைந்திருந்தால் குழாயில் சீராகக் கொட்டுவதுபோல, இரண்டு நொடிப் பாட்டை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்வதால்தான், வைஃபை நடுவில் சற்றுத் தடுமாறினாலும், அம்மா பாலைச் சூடாக்கினாலும், பாட்டு அறுபடுவதில்லை. மாடிப்படித் திருப்பத்துக்கு ரவுட்டரை நகர்த்தி 2.4 அலைவரிசையையே வைத்திருக்கிறேன். 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு என்றாலும் கல் சுவரை அதனால் துளைக்க முடியவில்லை. மின்வெட்டுக்காக ரவுட்டரையும் அந்தக் குட்டிக் கணினியையும் இன்வெர்ட்டரில் சேர்த்துவிட்டேன்.

ஒலியளவைக் கணினியில் முழுதாக வைத்து, ஆம்ப்ளிஃபையரின் குமிழில்தான் கூட்டிக் குறைக்கிறேன்; கணினியில் குறைத்தால் நுணுக்கங்களும் சேர்ந்து தேய்கின்றன. இதனால் ஒரு வம்பும் நடந்தது. பாட்டுக்கு நடுவே கணினியின் எச்சரிக்கை மணி கூடத்து ஸ்பீக்கரில் கோயில் மணிபோல் முழங்க, அம்மா கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டாள். அந்த மணியை இப்போது அமைப்பில் நிறுத்திவிட்டேன்.

பணம் அனுப்ப வேண்டாம். நீ எடுத்துச் சென்ற சிடிகளை மட்டும் ஓய்வு கிடைக்கும்போது கணினியில் ஏற்றி வை. எம்பி3ஆக வேண்டாம், தரம் குறையாத ஆப்பிள் லாஸ்லெஸ் வடிவில் ஏற்று. பொங்கலுக்கு வரும்போது ஒரு ஹார்டு டிஸ்க்கில் கொண்டு வந்தால் போதும். வைஃபை கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறேன், வந்ததும் அம்மாவிடம் கேட்டுக்கொள்.

அன்புடன்,
அப்பா